ஓதம் பார்த்துப் போகும் பள்ளி: சுங்கை பூலோவில் பிள்ளைகளுடன்

சிங்கப்பூரின் வடமேற்கே, ஜொகூர் நீரிணையை ஒட்டி அமைந்திருக்கிறது சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்பும் பெற்றோரும் சக ஆசிரியர்களும் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை மணிக்குப் போனால் நல்லது என்பதைத்தான். அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டு வாருங்கள், பிறகு சொல்கிறேன் என்பேன். நான் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். பல ஆண்டுகளாக வகுப்புப் பிள்ளைகளையும், வார இறுதிகளில் எங்கள் பேட்டையில் வசிக்கும் குடும்பங்களையும் அங்கே கூட்டிச் சென்று வருகிறேன். அந்த இடத்தில் பிள்ளைகள் எதைக் காண்கிறார்கள், எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் தண்ணீரின் மட்டமே முடிவு செய்கிறது என்பது என் அனுபவம். ஆகையால் ஓதம் எனப்படும் கடலின் ஏற்ற இறக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நம் தீவைச் சுற்றியுள்ள கடல் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வடிகிறது. ஏற்ற நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் அது சேர்ந்து ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடுவதால், இந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடல் முழுக்க ஏறியிருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே பத்து மணிக்கு ஏறக்குறைய வடிந்து கிடக்கும். போன வாரம் பக்கத்து வீட்டார் போய் நிறையப் பறவைகளைப் பார்த்தார்களாம் என்று கேள்விப்பட்டு, இந்த வாரம் அதே நேரத்துக்குக் கிளம்பும் குடும்பங்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான். ஓத அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. வீட்டில் தமிழ் நாட்காட்டி தொங்குமானால் இன்னொன்றும் செய்யலாம். அமாவாசையும் பௌர்ணமியும் எந்தத் தேதிகளில் வருகின்றன என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த நாள்களை ஒட்டித்தான் கடல் மிக உயரமாக ஏறி, மிகக் கீழே வடியும். எட்டாம் பிறையை ஒட்டிய நாள்களில் இந்த வேறுபாடு குறைந்துவிடும். பாட்டி விரதத்துக்காகக் கிழித்துப் பார்க்கும் அதே தாளில் கடலின் நடப்பும் அடங்கியிருக்கிறது என்று அறியும்போது பிள்ளைகளுக்கு உண்டாகும் வியப்பு, பயணத்துக்கு முன்பே பாதிப் பாடத்தை நடத்தி முடித்துவிடுகிறது.

கடல் வடிந்திருக்கும்போது நீரிணையின் ஓரத்தில் பரந்த சேற்றுவெளி தலைகாட்டும். வலசை வந்திருக்கும் கரைப்பறவைகள் அங்கே கலைந்து பரவி, புழுவையும் சிறு நண்டையும் சிப்பியையும் தேடி மேயும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அவை தொலைவில் நகரும் புள்ளிகளாகவே தெரியும். கடல் ஏறத் தொடங்கியதும் அந்த மேய்ச்சல் நிலம் சிறிது சிறிதாக மூழ்கும். கால் ஊன்ற இடமில்லாமல் போன பறவைகள் கூட்டமாக எழுந்து, காப்பகத்துக்குள் இருக்கும் குளங்களுக்கு வந்து இறங்கி, கடல் மறுபடி வடியும்வரை அங்கே ஓய்வெடுக்கும். ஆகவே பறவைகளைப் பார்க்க வேண்டுமானால், ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே குளத்தை நோக்கிய மறைவுக்குடிலில் போய் அமர்ந்துவிட வேண்டும். சேற்றில் வாழ்வனவற்றைப் பார்க்க வேண்டுமானால், நீர் வடிந்த நேரத்தில் அலையாத்தி மரங்களுக்கிடையே செல்லும் மரப்பாதைக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே காலையில் முடித்துவிட நினைக்கும் குழுவுக்கு இரண்டும் அரைகுறையாகத்தான் வாய்க்கும்.

கடல் முழுக்க ஏறியிருக்கும் நேரத்தில் அந்தக் குளங்களில் மட்டும் எப்படித் தரை தெரிகிறது? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் கேட்பேன். பதில் குளத்தங்கரையில் இருக்கும் மதகில் இருக்கிறது.

காப்பகம் ஆவதற்கு முன் இந்த இடம் இறால் பண்ணைகளும் மீன் குளங்களும் நிறைந்த பகுதியாக இருந்தது. பண்ணைக்காரர்கள் அலையாத்திக் காட்டுக்கிடையே மண்கரைகளை எழுப்பிக் குளங்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மதகு வைத்தார்கள். கடல் ஏறும்போது மதகைத் திறந்தால் நீரோடு இறால் குஞ்சுகளும் உள்ளே வரும். மூடிவிட்டால் அவை குளத்திலேயே வளரும். பின்னர் கடல் வடியும் நேரம் பார்த்து மதகில் வலையைக் கட்டித் திறந்தால் வளர்ந்த இறால் வலையில் சேரும். தீனிக்கும் இயந்திரத்துக்கும் பெரிதாகச் செலவழிக்காமல் ஓதத்தையே வேலையாளாக்கிக்கொண்ட தொழில் அது. 1986-இல் இங்கே வலசைப் பறவைகள் பெருமளவில் வந்து தங்குவதைக் கண்ட பறவை ஆர்வலர்கள், அப்போதைய மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை வழியாக, இந்த இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் முன்மொழிந்தார்கள். நவீன வேளாண்மைக்கென ஒதுக்கப்பட்டிருந்த வட்டாரம் அது. 1989-இல் அரசாங்கம் இசைவளித்து, 87 ஹெக்டேர் நிலத்தை இயற்கைப் பூங்காவுக்கென ஒதுக்கியது. 1993 டிசம்பர் 6-ஆம் நாள் பூங்கா திறக்கப்பட்டது. 2002-இல் 130 ஹெக்டேர் பரப்புடன் சட்டப்படி இயற்கை வனக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஆசியான் மரபுப் பூங்காக்களில் ஒன்றானது. 2014-இல் கிழக்குப் பக்கம் விரிவாக்கப்பட்டு, கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் அருகே புதிய வருகையாளர் நிலையம் வந்தது.

பண்ணைகள் போய்விட்டன, மதகின் வேலை மட்டும் மாறிய நோக்கத்தோடு தொடர்கிறது. கடலின் போக்குக்கே விட்டுவிட்டால் ஏற்றத்தில் குளமும் நிரம்பிவிடும், பறவைக்கு நிற்க இடமிருக்காது. ஆகவே காப்பகத்தினர் மதகுகளைக் கொண்டு சில குளங்களின் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்கிறார்கள். வெளியே கடல் நிரம்பியிருக்கும்போது உள்ளே சேறு தெரியும்படி பார்த்துக்கொள்வதே அதன் நோக்கம். கரையில் வளர்ந்து மூடும் செடிகொடிகளையும் அவ்வப்போது களைகிறார்கள். புதர் மண்டிய இடத்தில் எதிரி ஒளிந்திருக்கலாம் என்பதால் கரைப்பறவைகள் திறந்த வெளியையே தேடி இறங்கும்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இங்கே வரும் பெரும்பாலான குழுக்கள் மதகைக் கடந்து போய்விடுகின்றன. முதலையும் நீர்நாயும் இருக்கும் இடத்தில் மதகுக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்? ஆனால் நான் அழைத்துச் செல்லும் ஒவ்வொரு குழுவையும் அங்கே நிறுத்துவேன். மதகின் இரு பக்கத்திலும் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைத் தங்கள் குறிப்பேட்டில் வரையச் சொல்வேன். ஒரு முறை நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் வரைந்து முடித்துவிட்டு, "அப்படியென்றால் இது இயற்கை இல்லையா, டீச்சர்? மனிதர்கள் செய்ததுதானே?" என்று கேட்டான். அன்று நான் ஆயத்தம் செய்து கொண்டுவந்திருந்த அத்தனையையும் ஒதுக்கிவிட்டு அந்தக் கேள்வியையே குழுவிடம் விட்டேன். பறவை தானாக வருகிறது, சேற்றைத் திறந்து வைப்பவர் மனிதர், ஆகவே இருவரும் சேர்ந்து செய்தது என்றாள் ஒரு மாணவி. யாராவது மதகைத் திறக்க மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொருவன் கவலைப்பட்டான். பாதுகாப்பு என்றால் வேலி போட்டு விட்டுவிடுவது என்ற எண்ணத்தோடுதான் பிள்ளைகள் பொதுவாக வருகிறார்கள். அது அன்றாடம் செய்யப்படும் வேலை, அதைச் செய்ய ஆள் வேண்டும், செய்பவருக்கு அறிவும் கவனமும் வேண்டும் என்பதை இந்த ஒரு மதகு அவர்களுக்குக் காட்டிவிடுகிறது. இயற்கைக் கல்வியில் இதைவிட முக்கியமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நீர் வடிந்த நேரத்துப் பாடம் வேறு விதமானது. அலையாத்தி மரப்பாதையில் முதலில் எதுவும் தெரியாது. பழுப்புச் சேறும் வேர்களும் மட்டுமே கண்ணில் படும். நான் செய்வது எளிது: பாதையின் ஓரிடத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு முழம் சேற்றைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவேன். அந்த ஒரு முழத்தை மட்டும் பத்து நிமிடம் பார்க்க வேண்டும், பேசக் கூடாது. இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் நாம் நடந்து வந்த அதிர்வில் வளைக்குள் போன நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடம்பின் அளவுக்குப் பெரிதாக இருக்கும் ஆண் நண்டு, அதை உயர்த்தி உயர்த்தி ஆட்டும். சேறு என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று திடீரெனத் துள்ளும், அது மீன். நிலத்தில் தாவித் திரியும் அந்த மீனுக்குக் கண்கள் தலையின் உச்சியில் புடைத்திருக்கும். கூர்ந்து பார்த்தால் சிறிது நேரத்துக்கு ஒரு முறை அந்தக் கண்ணைக் குழிக்குள் இழுத்து மீண்டும் வெளியே விடுவது தெரியும். அப்படித்தான் அது கண்ணை ஈரமாக வைத்துக்கொள்கிறது. அவ்வப்போது பக்கவாட்டில் புரண்டு தோலையும் நனைத்துக்கொள்ளும், ஏனென்றால் அந்த ஈரத் தோல் வழியாகவும் அது மூச்சு விடுகிறது. பெரிய இன மீன் ஒன்று வளையிலிருந்து வாய் நிறையச் சேற்றைக் கொண்டுவந்து வெளியே துப்பிவிட்டு, மீண்டும் உள்ளே போய், மீண்டும் வாய் நிறையச் சேற்றோடு வருவதை எங்கள் குழு ஒரு நாள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் போதும் என்று நான் எழுப்பியபோது யாரும் எழவில்லை. வகுப்பில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளை என்று பெயர் வாங்கிய ஒரு சிறுவன்தான் அந்தக் குழுவில் கடைசியாக எழுந்தான்.

மரங்களிடமும் இதே பொறுமையுடன் நிற்கலாம். சேற்றுக்குள் காற்று கிடைக்காததால், சில மரங்களின் வேர்கள் பென்சில் நட்டுவைத்த தோட்டம்போல மேல்நோக்கி முளைத்து நிற்கின்றன. வேறு சில, கிளையிலிருந்தும் தண்டிலிருந்தும் வளைந்து இறங்கும் வேர்களில் தாங்கி நிற்கின்றன. அந்த வகை மரத்தின் விதை, மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு நீண்டு, நாற்றாகவே கீழே விழுகிறது. சேற்றில் குத்தி நிற்கலாம், அல்லது ஓதத்தோடு மிதந்து வேறு கரை சேரலாம். சில இலைகளின் மேல் வெயிலில் மின்னும் துகள்கள், மரம் வெளியேற்றிய உப்பு. இலையைப் பறிக்காமல் குனிந்து பார்த்தாலே தெரியும். சேற்றுக்குள் வாழும் ஒருவகை இறால் அடிமண்ணைத் தள்ளித் தள்ளி எழுப்பும் மண்மேடுகளையும் காட்டுங்கள். எழுப்பியவரை யாரும் பார்ப்பதில்லை என்பதே பிள்ளைகளுக்கு அதில் பிடித்த செய்தி.

குடும்பங்களோடு போகும்போது முதியவர்களையும் கட்டாயம் அழைத்து வரச் சொல்வேன். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்த ஒரு தாத்தா எங்களுடன் வந்திருந்தார். நீப்பாப் பனையைக் கண்டதும் நின்று, அந்த ஓலையைத் தைத்துத்தான் அந்நாளில் அத்தாப்பு வீடுகளுக்குக் கூரை வேய்ந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். ஐஸ் கச்சாங்கில் வரும் வெள்ளையான, வழவழப்பான அத்தாப்பு விதை இந்த மரத்தின் காய்க்குள்ளிருந்துதான் எடுக்கப்படுகிறது என்று அவர் சொன்னதும், அதுவரை ஒதுங்கி நின்ற சிறுவர்களும் அருகில் வந்துவிட்டார்கள். வளைந்த வேர்களுடைய பாக்காவ் மரத்தைக் காட்டி, வீட்டு அடித்தளத்துக்குக் கட்டையாகவும் அடுப்புக் கரியாகவும் அதைப் பயன்படுத்தியதை விளக்கினார். தகவல் பலகையில் இருப்பதைவிட அதிகமாக அவர் எதுவும் சொல்லிவிடவில்லை. ஆனால் இந்தக் காட்டை வைத்துப் பிழைத்த காலத்தைத் தன் கண்ணால் கண்டவர் சொன்னது என்பதால், "தாத்தா, நீங்கள் நண்டு பிடித்தீர்களா? முதலை இருந்ததா?" என்று கேள்விகள் அவரைச் சூழ்ந்துகொண்டன. அத்தகைய முதியவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். இருக்கும்போதே அழைத்துப் போக வேண்டும்.

வலசைப் பறவைகள் ஏறக்குறைய செப்டம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே தங்கும். வடக்கே சைபீரியா வரையுள்ள நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் தெற்கே கிளம்பி, ஆஸ்திரேலியா வரை நீளும் கிழக்காசிய வான்வழியில் அவற்றுக்கு இது ஒரு தங்குமிடம். சில இங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கும். சில தின்று கொழுத்து மேலும் தெற்கே பறக்கும். பவளக்காலி எனப்படும் சிவந்த கால்களை உடைய உள்ளானை நான் முதலில் அறிமுகப்படுத்துவேன். எளிதில் அடையாளம் காணலாம், எண்ணிக்கையிலும் குறைவில்லை. சுங்கை பூலோவில் கண்காணிப்புக் கருவி பொருத்தி விடப்பட்ட கரைப்பறவைகளில் சில இமயமலையைக் கடந்து பறந்து போவதை 2020-இல் வெளியான ஓர் அறிவியல் கட்டுரை காட்டியது. பவளக்காலியும் அவற்றுள் ஒன்று. இதைச் சொல்வதற்கு முன் பள்ளி அறிவியல் கூடத்திலிருந்து 100 கிராம் எடைக்கல்லை வாங்கி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வைத்துப் பார்க்கச் சொல்வேன். அதைவிடச் சற்றே கூடுதலான எடைதான் அந்தப் பறவை. கையில் அந்த எடையை உணர்ந்த பிள்ளை, மறைவுக்குடிலில் தொலைநோக்கி வழியாகப் பார்க்கும்போது அதை அலட்சியமாகப் பார்ப்பதில்லை. இதே வான்வழியைச் சேர்ந்த இன்னொரு பறவை, பட்டைவால் மூக்கன், 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,000 கிலோமீட்டருக்கும் மேல் எங்கும் இறங்காமல் பறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். காலில் வண்ணக் கொடி கட்டிய பறவை தென்பட்டால் அதன் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடும் ஆய்வு இங்கே 1990-களிலிருந்து நடைபெறுகிறது, பொதுமக்கள் தரும் குறிப்பும் அதற்குப் பயன்படும்.

மறைவுக்குடிலில் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பேருந்தில் வரும்போதே பழக்கிவிட வேண்டும். அங்கே போய்ச் சொல்லத் தொடங்கினால் நம் குரலே பறவைகளைக் கிளப்பிவிடும். பறந்து களைத்து வந்த பறவைக்கு ஒவ்வொரு தடவை எழும்புவதும் சேர்த்துவைத்த கொழுப்பில் ஒரு செலவு. இதைக் காரணத்தோடு விளக்கினால் பிள்ளைகள் ஆச்சரியப்படும்படி அமைதி காக்கிறார்கள். "சத்தம் போடாதே" என்று மட்டும் சொன்னால் பலன் இருப்பதில்லை. ஒரு பெரியவருக்கு ஐந்து பிள்ளைகள் என்பது நல்ல அளவு. நாற்பது பேரைக் கொண்ட வகுப்பானால் பிரித்து, வெவ்வேறு குடில்களுக்கு அனுப்பி, இடையில் மாற்றிக்கொள்ளலாம். தொலைநோக்கி ஆளுக்கொன்று தேவையில்லை. இருவருக்கு ஒன்று என்று கொடுத்தால், பார்ப்பவர் தான் கண்டதை மற்றவருக்குச் சொல்லியே ஆக வேண்டும், அந்தப் பேச்சில்தான் கவனம் கூர்மையாகிறது.

தமிழாசிரியர் என்ற முறையில் ஒரு விதியை நான் கடைப்பிடிக்கிறேன். ஒரு பறவையின் பெயரை நான் உடனே சொல்லிவிட மாட்டேன். அலகு நீளமா, நேரா, வளைந்ததா. நடக்கிறதா, ஓடி ஓடி நிற்கிறதா. சேற்றில் குத்துகிறதா, மேலாகப் பொறுக்குகிறதா என்று பிள்ளை தமிழில் சொல்லி முடித்த பிறகே பெயர் வரும். வீட்டில் ஆங்கிலமே பேசிப் பழகிய பிள்ளைகள் சொல்லுக்காகத் திணறுவார்கள். பரவாயில்லை, கையை வளைத்துக் காட்டட்டும், பக்கத்திலிருப்பவர் சொல்லை எடுத்துக் கொடுக்கட்டும். அவசியப்பட்ட இடத்தில் கிடைத்த சொல்லைப் பிள்ளைகள் மறப்பதில்லை. நெய்தல் திணையைப் பாடமாகப் படிக்கும் உயர்நிலை மாணவர்களுக்குக் கழிமுகமும் கண்டலும் கண்ணெதிரே இருக்கும் இந்த இடம் எவ்வளவு பொருத்தமானது என்பதை உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பாதுகாப்பு பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமானது, ஏனென்றால் இங்கே உவர்நீர் முதலைகள் உண்மையாகவே வாழ்கின்றன. ஆற்றின் மேல் உள்ள பெரிய பாலத்திலிருந்து அவற்றைப் பார்ப்பதே நல்லது. நீர் வடிந்தபோது கரையில் வெயில் காயும். ஏறியபோது கண்ணும் மூக்கும் மட்டும் நீர்மேல் தெரிய மிதக்கும். அதே பாலத்திலிருந்து, தண்ணீரை உமிழ்ந்து இலைமேல் இருக்கும் பூச்சியை வீழ்த்தும் மீனையும் காணலாம். பாதையை விட்டு இறங்கக் கூடாது, நீரோரத்தில் குந்தக் கூடாது, எதிரே முதலை தென்பட்டால் ஓடாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகைகளில் இருப்பதைப் பிள்ளைகளே உரக்கப் படிக்கட்டும். உடும்பு பாதையின் குறுக்கே வந்தால் நின்று வழிவிடுங்கள். படம் எடுப்பதற்காக அதைச் சுற்றி நிற்பது தவறு. நீர்நாய்க் குடும்பம் குட்டிகளோடு இருந்தால் இன்னும் தள்ளியே நிற்க வேண்டும். எந்த விலங்குக்கும் தின்ன எதையும் கொடுக்கக் கூடாது. உணவைத் திறந்து வைத்துக்கொண்டு நடப்பதும் கூடாது. இவற்றைவிட அதிகம் தொல்லை தருவன கொசுவும் வெயிலும் மின்னலும் என்பதே என் அனுபவம். முழுக்கால் சட்டை, மூடிய காலணி, கொசுத் தைலம், தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஆகியவை இல்லாமல் கிளம்ப வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலமும் பறவைக் காலமும் ஒன்றாக வருவதால் மழையுடையும் பையில் இருக்கட்டும். இடி கேட்டால் மரப்பாதையையும் காட்சிக் கோபுரத்தையும் விட்டு அருகிலுள்ள கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று யார் கெஞ்சினாலும் இணங்கக் கூடாது.

காப்பகத்துக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925-ஆம் எண் பேருந்தில் வந்தால் கிழக்குப் பக்கத்து வருகையாளர் நிலையம் எளிது. அங்கிருந்து கரையோரமாக நீளும் பாதை 1.3 கிலோமீட்டர், ஜொகூர்க் கட்டடங்கள் எதிர்க்கரையில் தெரியும். வலசைப் பறவைகள் கூடும் குளங்களும் பெரிய பாலமும் மேற்குப் பக்கத்தில் உள்ளன. அங்கே சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 2 கிலோமீட்டர். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளோடு வருபவர்கள் கிழக்குப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சீரமைப்புக்காகச் சில பாதைகள் மூடப்படுவதுண்டு என்பதால், கிளம்புவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள். தொண்டூழியர்கள் வழிநடத்தும் நடைக்கு இடம் கிடைத்தால் விட்டுவிட வேண்டாம்; அவர்களில் பலர் இந்த இடத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்து வருபவர்கள், நேற்று எந்தக் கரையில் என்ன இருந்தது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

பள்ளிக்குத் திரும்பியபின் உடனே கட்டுரை எழுதச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். எழுத வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளைகள் அங்கேயே வாக்கியங்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள், பார்ப்பது குறைகிறது. அதற்குப் பதிலாக ஒரு வாரம் கழித்து, பள்ளிக்கு அருகில் ஓடும் கால்வாய்க்கு அழைத்துப் போவேன். கான்கிரீட் கரைதான், ஆனாலும் சாம்பல் நாரை ஒன்றோ, வெண்கொக்கோ, சில நாள் உள்ளானோ அங்கே இருக்கும். அது எப்படி நடக்கிறது, எங்கே பார்க்கிறது, ஏன் இந்த இடத்தைத் தேர்ந்துகொண்டது என்று பிள்ளைகள் தாமாகவே பேசத் தொடங்கினால், சுங்கை பூலோவில் கழித்த காலை வீண்போகவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் உங்களால் போக முடியும் என்றால், நவம்பரிலோ டிசம்பர்ப் பள்ளி விடுமுறையிலோ, அமாவாசையை அல்லது பௌர்ணமியை ஒட்டி, முற்பகலில் கடல் உச்சத்துக்கு ஏறும் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். காலை ஏழரைக்கே போய்விடுங்கள். பெரிய பாலத்தில் சிறிது நேரம், மதகில் சிறிது நேரம். பிறகு ஒரு குடிலைப் பிடித்து, கடல் ஏறி முடியும்வரை அங்கேயே உட்காருங்கள். வேறு எங்கும் போக வேண்டாம்.